கைமாறி வந்த லேப்டாப் பாஸ்வேர்டு கேட்டு நின்றால்

தம்பி கூப்பிட்டபோது இரவு பதினொன்றைத் தாண்டியிருந்தது. "அக்கா, லேப்டாப் நீலத் திரையோட நிக்குது. 48 நம்பர் கேக்குது. எனக்கு யாரும் எந்த நம்பரும் தரலையே" என்றான். வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஒருவர் வீட்டில் பயன்படுத்திவிட்டு விற்ற லேப்டாப். நல்ல நிலையில்தான் இருந்தது. விற்றவர் ஒரு பின் நம்பரைச் சொல்லியிருக்கிறார். இவன் அதைப் போட்டு அவருடைய கணக்கிலேயே உள்ளே போய், அங்கேயே தன் புராஜெக்ட் அறிக்கையை எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். 40 பக்கம். வேறெங்கும் நகல் இல்லை.

நான் 11 ஆண்டுகள் ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்தவள். பழைய லேப்டாப்புகளைக் கணக்கெடுத்து விற்பனைக்கு அனுப்புவதும் என் பொறுப்பில் இருந்தது. அவசரத்தில் பூட்டை எடுக்காமலே பெட்டியில் ஏற்றிவிட்ட நாட்கள் உண்டு. சில வாரம் கழித்து, எங்கோ அதை வாங்கியவர் அடியில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்து எங்களைத் தேடிப் பிடித்துக் கூப்பிடுவார். அந்த அழைப்புகளையெல்லாம் எடுத்துப் பேசியவள் என்பதால் இதை உறுதியாகச் சொல்வேன்: பூட்டிய லேப்டாப்பின் சாவி பெரும்பாலும் இன்னும் யாரோ ஒருவரிடம் பத்திரமாக இருக்கிறது. அந்த ஆளைத் தேடுவதுதான் முதல் வேலை. ஸ்க்ரூ டிரைவரை எடுப்பது அதற்கு வெகு பின்னால்.

முதலில் கையை எடுங்கள்

மனதில் தோன்றுவதையெல்லாம் அடித்துப் பார்க்காதீர்கள். பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடுகிற, மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) கேட்கிற பாஸ்வேர்டாக இருந்தால் பல லேப்டாப்புகள் மூன்று தவறோடு நின்றுவிடும். ஆஃப் செய்து மறுபடி போட வேண்டும். புதிதாக நிறுவிய விண்டோஸ் 11 என்றால் 10 முறை தவறாகப் போட்டதும் அந்தக் கணக்கை 10 நிமிடம் பூட்டி வைக்கும். பின் நம்பரைத் திரும்பத் திரும்பத் தவறாகப் போட்டால் 'ஏ1பி2சி3' என்று தட்டச்சு செய்யச் சொல்லி ஒரு வரி வரும். பயப்பட ஒன்றும் இல்லை. கீ ஏதாவது சிக்கிக்கொண்டு தானாக அழுந்துகிறதா, நிஜமாகவே ஆள்தான் அடிக்கிறாரா என்று பார்க்கிற சோதனை அது.

விற்றவர் தந்த பாஸ்வேர்டு உங்களிடம் இருந்து, அதுவே செல்லவில்லை என்றால் கீபோர்டைச் சந்தேகப்படுங்கள். கேப்ஸ் லாக்கை எல்லோரும் பார்ப்பார்கள். எண்களுக்கான 'நம் லாக்' (Num Lock) கீயைப் பார்ப்பதில்லை. பழைய சிறிய லேப்டாப்புகளில் 'நம் லாக்' விழுந்திருந்தால் யூ, ஐ, ஓ எழுத்துகள் 4, 5, 6 ஆகிவிடும். அப்புறம் விண்டோஸ் திரையின் வலது கீழ் மூலையில் கீபோர்டின் மொழி தெரியும், அதையும் பாருங்கள். ஜெர்மன் அமைப்பில் இருந்தால் ஒய்யும் இசட்டும் இடம் மாறிக் கிடக்கும். பாஸ்வேர்டு கட்டத்தின் ஓரத்தில் கண் போன்ற படம் இருந்தால் அதை அழுத்திப் பிடித்து, நீங்கள் அடித்தது என்னவாக விழுந்திருக்கிறது என்று பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று வந்த கணிசமான புகார்கள் இந்த ஒரு கண்ணிலேயே தீர்ந்தன.

அடுத்து, திரையை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் உள்ள சின்ன எழுத்தும் எண்ணும் தெளிவாக விழ வேண்டும். லேப்டாப்பைத் திருப்பி அடிப்பக்கத்தையும் ஒரு படம். சீரியல் நம்பர், மாடல், எந்த அலுவலகத்தின் சொத்து எண்ணோ ஒட்டியிருந்தால் அதுவும். பழைய ஸ்டிக்கர் அசிங்கமாக இருக்கிறது என்று பிரித்துப் போட்டுவிடாதீர்கள். எங்களை வந்தடைந்தவர்கள் எல்லோரும் அந்த ஸ்டிக்கரைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார்கள்.

எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்

எல்லாப் பூட்டும் 'பாஸ்வேர்டு' என்றுதான் கேட்கும். ஆனால் கேட்கிற நேரத்தை வைத்தே எது என்று சொல்லிவிடலாம்.

பவர் பட்டனை அழுத்தி, கம்பெனி லோகோ வருவதற்கு முன்போ அதோடு சேர்ந்தோ, கருப்பு அல்லது சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கட்டம் வந்தால் அது மதர்போர்டு கேட்கிற பாஸ்வேர்டு, அல்லது டிஸ்க் கேட்கிற பாஸ்வேர்டு. டிஸ்க் என்றால் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் என்ற சொல்லோ டிஸ்க்கின் படமோ பக்கத்தில் இருக்கும். லேப்டாப் ஒழுங்காக ஓடுகிறது, எஃப்2 அழுத்தி அமைப்புகளுக்குள் போகப் பார்த்தால் மட்டும் கேட்கிறது என்றால் அது பயாஸின் மேலாளர் பாஸ்வேர்டு.

லோகோ தாண்டி, நீலத் திரையில் 'பிட்லாக்கர்' என்ற சொல்லும் நீளமான கட்டமும் வந்தால் டிஸ்க்கில் உள்ள தகவல் முழுதும் சங்கேதமாக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். தம்பிக்கு வந்தது இதுதான்.

அழகான படத்தின் மேல் யாரோ ஒருவர் பெயரும் பாஸ்வேர்டு கட்டமும் வந்தால் அது வெறும் விண்டோஸ் கணக்கு. இருப்பதில் எளிதானது. புதிதாக விண்டோஸ் போட்டு, வைஃபை இணைத்த பிறகு ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வரவேற்று அலுவலக மின்னஞ்சலைக் கேட்டால், இருப்பதில் கடினமானவற்றில் ஒன்று.

விற்றவரிடம் பேசுங்கள்

தயங்காமல் பேசுங்கள். நிறையப் பேர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு, வீடியோ பார்த்துக்கொண்டு மூன்று நாள் போராடுகிறார்கள். விற்றவர் ஏமாற்றியிருப்பார் என்ற கோபத்தோடு ஆரம்பிக்க வேண்டாம். அவருக்கே அந்தப் பூட்டு இருப்பது தெரியாமல் இருக்கலாம்.

தம்பி விஷயத்தில் அப்படித்தான். விற்றவர் விண்டோஸைத் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருக்கிறார். பல லேப்டாப்புகளில் அப்படி இணைத்ததுமே டிஸ்க் தானாகச் சங்கேதமாகிவிடும். திறக்கும் 48 இலக்கச் சாவியும் அந்தக் கணக்கிலேயே போய்ச் சேமிக்கப்படும். அவரிடம் யாரும் கேட்பதில்லை, பெரிதாக அறிவிப்பதும் இல்லை. தினமும் பிரச்சினை இல்லாமல் திறந்ததற்குக் காரணம், மதர்போர்டில் இருக்கும் டிபிஎம் என்கிற பாதுகாப்புச் சிப் அந்தச் சாவியைத் தானே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. தம்பி என்ன செய்திருக்கிறான் என்றால், வேகம் கூட்டுகிறேன் என்று பயாஸுக்குள் போய் எதை எதையோ மாற்றி, 'பாதுகாப்புச் சிப்பை அழிக்கவா' என்று கேட்டதற்கு ஆம் என்று அழுத்தியிருக்கிறான். சிப் காலியானது. அதிலிருந்த பின் நம்பரும் அதோடு செல்லாமல் போனது. விண்டோஸ் 48 எண்ணைக் கேட்டு நின்றுவிட்டது.

(உங்களுக்கும் பயாஸில் எதையாவது மாற்றிய பிறகுதான் நீலத் திரை வந்தது என்றால், மாற்றியதைப் பழையபடி வைத்துப் பாருங்கள். 'செக்யூர் பூட்' (Secure Boot) என்ற அமைப்பை ஆஃப் செய்ததால் வந்தது என்றால், திரும்ப ஆன் செய்ததும் பெரும்பாலும் போய்விடும். சிப்பை அழித்துவிட்டால் மட்டும் திரும்ப வழி இல்லை.)

மறுநாள் காலை விற்றவரைக் கூப்பிட்டேன். "சார், உங்க லேப்டாப்பை வாங்கின பையனோட அக்கா பேசறேன். லேப்டாப்புல குறை ஒண்ணும் இல்ல. உங்க மைக்ரோசாஃப்ட் கணக்குல ஒரு எண் இருக்கும், அதை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா?" என்றேன். அவ்வளவுதான் கேட்டேன். பாஸ்வேர்டைக் கேட்கவில்லை. அது முக்கியம். ஒருவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கு அவருடைய மின்னஞ்சலுக்கும் கோப்புகளுக்கும் சேர்த்தே சாவி. அதைக் கேட்கவும் கூடாது, தந்தால் வாங்கவும் கூடாது. அவர் தன் போனிலேயே கணக்கின் பக்கத்துக்குப் போய், சாதனங்கள் பகுதியில் அந்த லேப்டாப்பைத் தொட்டால் பிட்லாக்கர் சாவி தெரியும். ஒன்றுக்கு மேற்பட்ட சாவி இருந்தால் குழப்பம் வரும். அதற்குத்தான் நீலத் திரையைப் படம் எடுக்கச் சொன்னேன். அந்தத் திரையில் சாவியின் அடையாள எண் என்று ஒரு நீள வரிசை இருக்கும். அதன் முதல் 8 எழுத்துகளைச் சொன்னால் போதும், எது பொருந்துகிறது என்று அவர் பார்த்துவிடுவார்.

அவர் சொல்லச் சொல்லத் தம்பி எழுதினான். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி. போட்டால் ஏற்கவில்லை. தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. இந்தச் சாவியில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: ஒவ்வொரு ஆறு இலக்கத் தொகுதியும் 11 ஆல் மீதியில்லாமல் வகுபடும். கால்குலேட்டரை எடுத்து ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தோம். ஐந்தாவது தொகுதி மட்டும் மீதி விட்டது. அவன் 1 எழுதினால் 7 மாதிரி இருக்கும். எழுதியவனே அதை 7 என்று படித்து அடித்திருக்கிறான். மாற்றிப் போட்டதும் திறந்தது. நீங்கள் செய்யும்போது வாய்மொழியாக வாங்காமல் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள், இந்தப் பாடு இருக்காது.

பின் நம்பர் செல்லாது என்பதால், டிஸ்க் திறந்த பிறகு விண்டோஸின் மீட்புத் திரை வழியாகவே 40 பக்கத்தைப் பென் டிரைவில் எடுத்தோம். அப்போதுதான் கவனித்தேன், படங்கள் ஃபோல்டரில் விற்றவர் வீட்டுப் படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. திறந்து பார்க்கவில்லை. அவரிடம் சொன்னேன். சில நொடி பேச்சே இல்லை. பிறகு, "அம்மா படமெல்லாம் அதுலதான் இருக்கும்மா, போயிடுச்சுன்னு நினைச்சேன்" என்றார். இன்னொரு பென் டிரைவில் ஏற்றி அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொட்டோம். நாங்கள் நேராக ஃபார்மட் செய்திருந்தால் அவருடைய அம்மாவின் படங்களும் தம்பியின் 40 பக்கமும் சேர்ந்தே போயிருக்கும்.

விற்றவர் ஒரு கடைக்காரராக இருந்து, அவருக்கே மூலம் தெரியாது என்றால் ஸ்டிக்கர் வழியே போங்கள். அதில் நிறுவனத்தின் பெயர் இருந்தால் அவர்களுடைய பொதுத் தொலைபேசிக்குப் பேசி, கணினிப் பிரிவை இணைக்கச் சொல்லுங்கள். சொத்து எண், சீரியல் நம்பர், நீங்கள் வாங்கிய ரசீது, இந்த மூன்றும் கையில் இருக்கட்டும். அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும்: சீரியல் நம்பர் சொன்னால் பதிவேட்டில் பார்ப்போம், விற்றுவிட்ட பட்டியலில் இருந்தால் உதவுவோம், இல்லாவிட்டால் "இது எப்படி உங்களிடம் வந்தது" என்று கேட்போம். அந்தக் கேள்விக்கு ரசீதுதான் பதில்.

விண்டோஸ் கணக்கு மட்டும் என்றால்

உள்ளே உங்களுடையது எதுவும் இல்லை, விற்றவருக்கும் எதுவும் வேண்டாம் என்றால் பாஸ்வேர்டைத் தேடவே வேண்டாம். முழுதாகத் துடைத்துப் புதிதாகப் போடுங்கள். பாஸ்வேர்டைத் தாண்டி உள்ளே நுழைகிற தந்திரங்கள் நிறைய உலவுகின்றன. ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே போனாலும் நீங்கள் இருப்பது இன்னொருவர் வீட்டில்தான். அவர் எதை நிறுவியிருந்தார், எந்த வைரஸ் உள்ளே உறங்குகிறது என்று உங்களுக்குத் தெரியாது. அதில் உட்கார்ந்து வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம்.

எளிய வழி: பாஸ்வேர்டு கேட்கும் திரையிலேயே கீழே வலதுபுறம் பவர் படம் இருக்கும். ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்தபடி ரீஸ்டார்ட்டை அழுத்துங்கள். ஷிஃப்டைச் சீக்கிரம் விட்டுவிட்டால் சாதாரணமாகத் திரும்ப ஆன் ஆகிவிடும், வேறு திரை வரும்வரை பிடித்திருங்கள். 'ட்ரபிள்ஷூட்', அதில் 'ரீசெட் திஸ் பிசி', அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்'. சார்ஜரைக் கட்டாயம் செருகி வையுங்கள்.

இது பாதியில் நின்றாலோ 48 எண்ணைக் கேட்டாலோ பென் டிரைவ் வழி. எனக்கு இதுதான் எப்போதும் பிடிக்கும், ஏனென்றால் பழையது எதுவும் மிச்சம் இருக்காது. வேறு ஒரு கணினியில் மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி உள்ள பென் டிரைவில் விண்டோஸைத் தயார் செய்யுங்கள். அந்தப் பென் டிரைவில் இருப்பது அழிந்துவிடும், முதலில் காலி செய்துகொள்ளுங்கள். பூட்டிய லேப்டாப்பில் அதைச் செருகி, பவர் போட்டதுமே பூட் மெனுவுக்கான (எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கிற பட்டியலுக்கான) கீயை விட்டு விட்டுத் தட்டுங்கள். டெல், ஏசர், லெனோவோவின் திங்க்பேட் என்றால் எஃப்12. எச்பி என்றால் எஃப்9. ஆசுஸ் லேப்டாப்புகளில் எஸ்கேப். லெனோவோவின் வேறு சில மாடல்களில் ஊசி நுழைகிற அளவு ஒரு குட்டித் துளை பக்கவாட்டில் இருக்கும். லேப்டாப் ஆஃபில் இருக்கும்போது அதைக் குத்தினால் மெனு வரும். ஏசரில் எஃப்12 வேலை செய்யாவிட்டால் பயாஸுக்குள் போய் அந்த மெனுவை ஆன் செய்ய வேண்டியிருக்கும்.

நிறுவும்போது எந்த இடத்தில் போடுவது என்று கேட்கிற பட்டியலில், அந்த லேப்டாப்பின் டிஸ்க்கில் உள்ள எல்லாப் பகுதிகளையும் அழித்து ஒரே வெற்றிடமாக்கி அதைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யும்போது வேறு பென் டிரைவோ வெளி ஹார்ட் டிஸ்க்கோ செருகியிருக்கக் கூடாது. தவறான ஒன்றை அழித்துவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்டெல் 11ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதும் என்றால் சில நேரம் பட்டியலே காலியாக வரும். டிஸ்க் கெட்டுவிடவில்லை. அதற்கான இன்டெல் டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து எடுத்துப் பென் டிரைவில் வைத்து, அதே திரையில் ஏற்றினால் டிஸ்க் தெரியும். வைஃபை தெரியாவிட்டால் போனை யூஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிருங்கள்.

விண்டோஸுக்குப் பணம் கட்ட வேண்டுமோ என்ற பயம் பலருக்கு. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்பட்ட லேப்டாப்புகளில் உரிம எண் மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. முன்பு ஹோம் இருந்திருந்தால் ஹோம், ப்ரோ இருந்திருந்தால் ப்ரோ என்று அதே வகையைப் போட்டால், இணையம் வந்ததும் தானாகச் செயல்பட்டுவிடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, அதனால் லேப்டாப் தாங்கும் என்றால் 11 போடுங்கள். தாங்காத பழைய மாடல் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுங்கள், படிப்பு வேலைகளுக்குத் தாராளமாகப் போதும்.

பிட்லாக்கர் சாவி எங்கேயும் கிடைக்கவில்லை என்றாலும் இதே பென் டிரைவ் வழிதான். உள்ளே இருந்த கோப்புகள் போய்விடும், அவற்றை மீட்கிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், சாவி இல்லாமல் முடியாது. லேப்டாப் மட்டும் பிழைத்துக்கொள்ளும்.

பயாஸ் பாஸ்வேர்டு என்றால்

இங்கேதான் தவறான அறிவுரை அதிகம். 'உள்ளே இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றி அரை மணி நேரம் வை, அழிந்துவிடும்' என்று எல்லோரும் சொல்வார்கள். பழைய மேசைக் கணினிகளில் அது உண்மை. அங்கே பாஸ்வேர்டு அந்தப் பேட்டரியின் மின்சாரத்தில்தான் உயிரோடு இருந்தது. அலுவலகங்களுக்காகச் செய்யப்பட்ட லேப்டாப்புகளில் பாஸ்வேர்டை மின்சாரமே தேவைப்படாத தனிச் சிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றினால் கடிகாரம்தான் பின்னால் போகும், பாஸ்வேர்டு அப்படியே இருக்கும். கழற்றுகிற அவசரத்தில் ரிப்பன் கம்பியை அறுத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

அப்படியானால் என்ன வழி? முதலில் மேலே சொன்னபடி பழைய உரிமையாளர். எங்கள் அலுவலகத்தில் எல்லா லேப்டாப்புக்கும் ஒரே மேலாளர் பாஸ்வேர்டுதான் இருந்தது. நிறைய இடங்களில் அப்படித்தான் வைத்திருப்பார்கள். அதனாலேயே அதைப் போனில் சொல்லிவிட மாட்டார்கள். "கொண்டு வாருங்கள், எடுத்துத் தருகிறோம்" என்பார்கள். கொண்டு போங்கள். இரண்டு நிமிட வேலை.

அது முடியாதபோது தயாரித்த கம்பெனி. டெல் லேப்டாப் என்றால் அடியில் உள்ள சர்வீஸ் டேக் எண்ணோடு, உரிமை உங்களுக்கு மாறியதற்கான ஆதாரத்தைக் காட்டினால் திறக்கும் குறியீட்டைப் பெற வழி இருக்கிறது. லெனோவோ இதில் கண்டிப்பு: திங்க்பேடின் மேலாளர் பாஸ்வேர்டு தொலைந்தால் மதர்போர்டை மாற்றுவதுதான் வழி என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பழைய லேப்டாப்புக்கு மதர்போர்டு மாற்றுவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. அந்த நிலை வந்தால் விற்றவரிடம் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்குவதே நல்லது.

சரி, லேப்டாப் ஓடுகிறது, பயாஸ் மட்டும் பூட்டியிருக்கிறது, அப்படியே வைத்துக்கொள்ளலாமா? ஓட்டலாம்தான். ஆனால் நாளைக்கு விண்டோஸ் கெட்டால் பென் டிரைவிலிருந்து பூட் செய்ய அந்தப் பூட்டு விடாமல் போகலாம். அப்போது மாட்டிக்கொள்வீர்கள். விலையில் நல்ல குறைப்பு இருந்தால் ஒழிய நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

டிஸ்க் பாஸ்வேர்டு என்றால் பேச்சு குறைவு. அது டிஸ்க்குக்குள்ளேயே இருப்பதால் வேறு லேப்டாப்பில் மாட்டினாலும் கேட்கும். டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். சில எஸ்எஸ்டிகளின் மேல் ஒட்டிய தாளில் பிஎஸ்ஐடி என்று 32 எழுத்து அச்சிட்டிருப்பார்கள். அந்த வகை என்றால் தயாரித்த கம்பெனியின் மென்பொருளில் அதைக் கொடுத்து, எல்லாவற்றையும் அழித்து மறுபடி பயன்படுத்தலாம்.

நிறுவனத்தின் பிடியில் இருக்கும் லேப்டாப்

தம்பியின் நண்பன் ஒருவனுக்கு நடந்தது. விண்டோஸ் நன்றாக ஓடியது, பாஸ்வேர்டே இல்லை. ஆறு மாதம் கழித்து ஏதோ சிக்கல் என்று புதிதாக விண்டோஸ் போட்டான். வைஃபை இணைத்த மறு நிமிடம் ஒரு நிறுவனத்தின் பெயரோடு வரவேற்புத் திரை வந்து அலுவலகக் கணக்கைக் கேட்டது. எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் அதுவே வரும். இதற்குப் பெயர் ஆட்டோபைலட். அந்த வன்பொருளின் அடையாளம் மைக்ரோசாஃப்டில் அந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது. டிஸ்க்கை மாற்றினாலும் போகாது. அந்த நிறுவனத்தின் கணினிப் பிரிவு பதிவை நீக்கினால்தான் போகும். அவர்களுக்கு எழுதுங்கள், சீரியல் நம்பரும் ரசீதும் இணையுங்கள். நீக்குவது அவர்களுக்குச் சிறிய வேலைதான்.

மேக்புக்கில் இதற்கு நிகரானது ஆக்டிவேஷன் லாக். 2018 முதல் அறிமுகமான ப்ரோ, ஏர் மாடல்களில் இதை எதிர்பார்க்கலாம். முந்தைய உரிமையாளர் 'ஃபைண்ட் மை'யை (தொலைந்ததைத் தேட உதவும் ஆப்பிள் வசதி) ஆஃப் செய்யாமல் விற்றிருந்தால், முழுதும் அழித்த பிறகும் அவருடைய ஆப்பிள் கணக்கைக் கேட்கும். நல்ல விஷயம், அவர் எங்கிருந்தாலும் ஐகிளவுட் தளத்துக்குப் போய் அந்த மேக்கைத் தன் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம், லேப்டாப்பை அனுப்ப வேண்டியதில்லை. முதல் விற்பனை ரசீது இருந்தால் ஆப்பிளிடமே விண்ணப்பிக்கலாம். குரோம்புக் என்றால் உள்நுழையும் திரையில் கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், ஆர் நான்கையும் சேர்த்து அழுத்திப் பவர்வாஷ், அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்குவது, செய்யலாம். அதன் பிறகும் ஏதோ பள்ளியோ அலுவலகமோ நிர்வகிப்பதாகச் சொன்னால் அவர்களிடம்தான் போக வேண்டும்.

விற்றவர் போனை எடுப்பதில்லை, ரசீது தர மறுத்தார், அடியில் உள்ள சீரியல் நம்பரும் பயாஸில் தெரிவதும் ஒன்றாக இல்லை. இப்படியெல்லாம் சேர்ந்து வந்தால் பூட்டில் கை வைக்கவே வேண்டாம். யாரோ ஒருவர் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிற லேப்டாப்பாக இருக்கலாம். விற்பனைத் தளம் வழியாக வாங்கியிருந்தால் அங்கே புகார் கொடுங்கள், காவல் நிலையத்திலும் சொல்லுங்கள். பணம் போகலாம், வருத்தம்தான். ஆனால் திறந்து பயன்படுத்த ஆரம்பித்துவிட்டால் அந்தப் பொருளுக்கு நீங்களும் பதில் சொல்ல வேண்டி வரும்.

அடுத்த முறை, பணம் கொடுப்பதற்கு முன்

லேப்டாப் ஏற்கெனவே ஆன் ஆகி உங்களுக்காகக் காத்திருந்தால், முழுதாக ஷட் டவுன் செய்யச் சொல்லி நீங்களே போடுங்கள். பயாஸுக்குள் போங்கள், பாஸ்வேர்டு கேட்கக் கூடாது. உள்ளே கம்ப்யூட்ரேஸ் அல்லது அப்சல்யூட் என்ற வரி இருந்தால், அது செயலில் இருக்கிறதா என்று பாருங்கள். திருடு போனதைக் கண்டுபிடிக்க நிறுவனங்கள் போடுவது அது. பிறகு விற்றவரையே அவருடைய கணக்கிலிருந்து ரீசெட் செய்யச் சொல்லுங்கள். அது முடிந்து முதல் திரை வந்ததும் உங்கள் போனின் இணையத்தை இணையுங்கள். எந்த நிறுவனத்தின் பெயரும் வராமல் உங்கள் கணக்கைக் கேட்கிறதா? அப்போது பணத்தைக் கொடுங்கள். ரீசெட்டுக்கு ஒரு மணி நேரம் கூட ஆகலாம், உட்கார்ந்திருங்கள். பேசிக்கொண்டிருந்தால் போய்விடும்.

தம்பியின் லேப்டாப்பை அந்த ஞாயிற்றுக்கிழமையே பென் டிரைவ் வழியாகத் துடைத்துப் புதிதாகப் போட்டோம். இப்போது அவன் பெயரில், அவன் கணக்கில் இருக்கிறது. விற்றவரும் தன் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட்டார். புதிய 48 இலக்கச் சாவியைத் தம்பி கையால் எழுதப் போனான், பேனாவை வாங்கிக்கொண்டு அச்சிடச் சொன்னேன். இரண்டு பிரதி. ஒன்று அவன் சான்றிதழ்கள் இருக்கிற ஃபைலில், இன்னொன்று என் அலமாரியில். லேப்டாப் பையில் வைக்கவில்லை.